தாத்தாவின் 'பிக் அப்', பேரனின் 'எடு'



இந்த இதழின் மொழிப் பாடத்தில் ஓர் ஆங்கிலச் சொல்லையும் ஒரு தமிழ்ச் சொல்லையும் எடுத்துக்கொள்கிறோம். ஆங்கிலச் சொல், ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு தங்கியிருக்கும் தாத்தா பாட்டிகளுக்காக. தமிழ்ச் சொல், இங்கேயே பிறந்து வளரும் பேரப்பிள்ளைகளுக்காக. தமிழ் பேசினால் புரியும், ஆனால் படிக்கத் தெரியாது என்னும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இதை வாசித்துக் காட்டும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

முதலில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவம்.

1995-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் என் தந்தையார் தஞ்சாவூரிலிருந்து நியூ ஜெர்ஸியில் எடிசனில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அவர் 32 ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த நாளில் எல்லார் வீட்டிலும் ஆன்சரிங் மெஷின் இருக்கும். மெஷினில் யார் குரல் என்று கேட்டபிறகுதான் போனைத் தொட வேண்டும் என்று அப்பாவிடம் நாங்களே சொல்லி வைத்திருந்தோம்.

ஒரு நாள் காலை 11 மணிக்கு அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் போன் செய்தேன். "அப்பா, நான்தான் பேசறேன். ரோடெல்லாம் ஒரே ஐஸ். நீங்க வெளியே எங்கேயும் போகாதீங்க. அப்பா, பிக் அப்... ப்ளீஸ், பிக் அப்!" என்று மெஷினில் சொன்னேன். அப்பா மாடியில் இருந்தார். அவர் படியிறங்கி வருவதற்குள் முன்பகுதி ஓடிவிட்டது. காதில் விழுந்தது கடைசி வார்த்தை மட்டும்தான்: 'பிக் அப்'.

எங்கள் வீட்டில் அந்தச் சொல் தினமும் அடிபடுவது ஒரே ஒரு காரியத்துக்காக. பள்ளிக்கூடத்திலிருந்து என் பையனை அழைத்து வருவது. "இன்னிக்கு யார் பிக் அப்?" என்பதுதான் காலைக் காப்பியோடு வரும் முதல் கேள்வி. ஆகவே அப்பா கோட்டை மாட்டிக்கொண்டு, கையுறையைத் தேட நேரமில்லாமல், ஒரு மைல் தூரம் ஐஸில் நடந்து பள்ளிக்குப் போய்விட்டார். வழியில் ஒரு திருப்பத்தில் வழுக்கி விழுந்து முழங்கையில் அடி. பள்ளி அலுவலகத்தில் இருந்த அம்மையார் அவரை உட்கார வைத்து, சூடாகக் குடிக்கக் கொடுத்து, எனக்குப் போன் செய்தார். வெளியே போகாதீர்கள் என்று சொல்லச் செய்த போனே அவரை வெளியே அனுப்பிவிட்டது.

அன்று மாலை அப்பா கேட்டார்: "ஏம்மா, பிக் அப்னா எடுன்னு அர்த்தம். எதை எடுக்கணும்னு சொல்ல வேண்டாமா?"

நியாயமான கேள்வி. மறுநாளே ஒரு நோட்டு வாங்கினார். எங்கே 'பிக் அப்' காதில் விழுந்தாலும், யார் சொன்னது, எதைப் பற்றிச் சொன்னது, என்ன பொருள் என்று எழுதிக்கொண்டார். ஊருக்குத் திரும்பும் முன்பு பதினொரு பொருள்கள் சேர்ந்துவிட்டன. இந்தப் பாடத்துக்கு அந்த நோட்டுதான் ஆதாரம்.

ஏன் தடுமாறுகிறோம்?

'பிக்' என்றால் பொறுக்கு. 'அப்' என்றால் மேலே. இரண்டும் தெரிந்தவருக்கும் 'பிக் அப்' தெரியாமல் போகலாம். சர்க்கரையும் எலுமிச்சம்பழமும் தெரிந்தவருக்குப் பானகத்தின் ருசி தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லையே! ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னால் 'அப்', 'ஆஃப்', 'அவுட்', 'ஆன்' போன்ற சிறு சொல் ஒன்று ஒட்டிக்கொண்டால், இரண்டும் சேர்ந்து புதுப் பொருள் தரும். இப்படிச் சேர்ந்த வினையை அவர்கள் 'ஃப்ரேஸல் வெர்ப்' என்கிறார்கள். நாம் கூட்டு வினை என்று வைத்துக்கொள்வோம்.

இது நமக்கு மட்டும் உள்ள சங்கடம் அல்ல. 1755-இல் ஆங்கில அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்ஸன், ஆங்கிலம் கற்கும் வெளிநாட்டாருக்கு மிகப் பெரிய சிரமம் தருவது இந்தக் கூட்டு வினைகளே என்று முன்னுரையிலேயே எழுதிவிட்டார். 'ஃப்ரேஸல் வெர்ப்' என்ற பெயரை 1925-இல் தம் புத்தகத்தில் எடுத்தாண்டவர் லோகன் பியர்சல் ஸ்மித். ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஆசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி அந்தப் பெயரைச் சொன்னதாக அவர் குறிப்பிடுகிறார். இந்த ஸ்மித் பிறந்த ஊர் நமது நியூ ஜெர்ஸியில் உள்ள மில்வில்!

நம் ஊர்ப் பெரியவர்கள் ஆங்கிலத்தைப் புத்தகத்தின் வழியாகக் கற்றவர்கள். அந்தப் புத்தக ஆங்கிலத்தில் கடிதம் 'கலெக்ட்' செய்வார்கள். வேலையை 'ரிஸ்யூம்' செய்வார்கள். வியாபாரம் 'இம்ப்ரூவ்' ஆகும். சாமான் 'பர்சேஸ்' செய்வார்கள். நோயை 'கான்ட்ராக்ட்' செய்வார்கள். எக்ஸ்ரே ஒன்றை 'டிடெக்ட்' செய்யும். இந்த ஆறு சொற்களுக்கும் பதிலாக இந்த நாட்டில் வீட்டிலும் தெருவிலும் கடையிலும் 'பிக் அப்' என்ற ஒன்றையே சொல்லிவிடுவார்கள். நம் பெரியவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று பேரப்பிள்ளைகள் எண்ணக் கூடாது. தெரிந்த ஆங்கிலம் வேறு, இங்கே காதில் விழும் ஆங்கிலம் வேறு, அவ்வளவுதான்.

நோட்டில் இருந்த பதினொரு பொருள்கள்

1. கீழே கிடப்பதை எடுத்தல். 'பிக் அப் யுவர் டாய்ஸ்' என்றால் பொம்மைகளை எடுத்து வை. இதிலேயே ஒரு கிளை உண்டு. 'பிக் அப் யுவர் ரூம்' என்றால் அறையைத் தூக்கச் சொல்லவில்லை. இறைந்து கிடப்பதை ஒழுங்கு செய்யச் சொல்கிறார்கள். பூங்காவில் 'பிக் அப் ஆஃப்டர் யுவர் டாக்' என்று பலகை இருந்தால், நாய் அசுத்தம் செய்ததை நாமே அள்ள வேண்டும் என்று பொருள்.

2. ஆளை அழைத்து வருதல். 'ஐ வில் பிக் யூ அப் அட் ஃபைவ்' என்றால் 5 மணிக்கு வந்து வண்டியில் அழைத்துப் போகிறேன். இதற்கு எதிர்ச்சொல் 'டிராப் ஆஃப்', கொண்டு போய் விடுதல். பல பள்ளிகளில் பெற்றோர் எழுதிக் கொடுத்த பட்டியலில் பெயர் உள்ளவர்களிடம் மட்டுமே குழந்தையை அனுப்புவார்கள், அடையாள அட்டையும் கேட்பார்கள். தாத்தா பாட்டி வந்து இறங்கிய வாரமே அவர்கள் பெயரைப் பட்டியலில் சேர்த்துவிடுவது நல்லது.

3. போய்ப் பெற்றுக்கொண்டு வருதல். மருந்துக் கடையிலிருந்து போன் வந்து 'ரெடி ஃபார் பிக்கப்' என்றால், மருந்து தயார், வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று பொருள். அவர்கள் வீட்டுக்குக் கொண்டு வருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். 'பிக் அப் ஸம் மில்க் ஆன் தி வே' என்றால் வரும் வழியில் பால் வாங்கி வா. காசு கொடுத்துத்தான்!

4. போனை எடுத்தல். 'நோ ஒன் பிக்ட் அப்' என்றால் யாரும் போனை எடுக்கவில்லை. இன்றைக்குச் செல்போனில் தூக்குவதற்கு ஒன்றுமில்லை, விரலால் தொட்டால் போதும். ஆனாலும் சொல் மாறவில்லை. எங்கள் அப்பாவைத் தெருவுக்கு அனுப்பிய 'பிக் அப்' இதுதான்.

5. முறையாகப் படிக்காமல் பழக்கத்தில் கற்றுக்கொள்ளுதல். 'ஷி பிக்ட் அப் ஸ்பானிஷ் அட் வொர்க்' என்றால் வேலை செய்த இடத்தில் கேட்டுக் கேட்டே ஸ்பானிஷ் கற்றுக்கொண்டாள். கெட்ட பழக்கத்துக்கும் இதே சொல்தான்.

6. நோய் தொற்றுதல். 'ஹி பிக்ட் அப் எ பக் அட் ஸ்கூல்' என்றால் பள்ளியில் பூச்சி பிடித்தான் என்பதல்ல. பள்ளியிலிருந்து ஜுரமோ வயிற்றுக் கோளாறோ ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

7. வேகம் பிடித்தல், சீராதல். 'பிஸினஸ் இஸ் பிக்கிங் அப்' என்றால் வியாபாரம் சூடு பிடிக்கிறது. 'தி விண்ட் பிக்ட் அப்' என்றால் காற்று பலமானது. இந்தப் பொருள் நமக்குப் புதிதல்ல. "இந்த வண்டிக்குப் பிக்கப் இல்லை", "கடை இப்பதான் பிக்கப் ஆகுது" என்று நம் ஊரிலேயே சொல்கிறோம்.

8. விட்ட இடத்திலிருந்து தொடர்தல். 'லெட் அஸ் பிக் அப் வேர் வி லெஃப்ட் ஆஃப்' என்று வகுப்பில் ஆசிரியர் சொன்னால், சென்ற வகுப்பில் நிறுத்திய இடத்திலிருந்து ஆரம்பிப்போம் என்று பொருள்.

9. செலவை ஏற்றுக்கொள்ளுதல். 'ஐ வில் பிக் அப் தி செக்' என்று ஹோட்டலில் நண்பர் சொன்னால், பில்லை அவர் கட்டுகிறார். இங்கே 'செக்' என்பது வங்கிக் காசோலை அல்ல, சாப்பாட்டு பில்.

10. கண்டறிதல். இதைத் தனியே கீழே விளக்குகிறோம். வாசகர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய பொருள் இது.

11. போலீஸ் பிடித்துச் செல்லுதல். 'ஹி வாஸ் பிக்ட் அப் பை தி போலீஸ்' என்று செய்தியில் வந்தால், போலீஸார் தம் வண்டியில் வீட்டில் கொண்டு விட்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது.

அப்பாவின் நோட்டில் இல்லாத பன்னிரண்டாவது பொருள் ஒன்று உண்டு. பெரியவர்களுக்கு அது தெரிந்திருப்பது நல்லது என்பதால் சேர்க்கிறோம். முன்பின் தெரியாத பெண்ணிடமோ ஆணிடமோ பேச்சுக் கொடுத்து வலிய நட்புப் பிடிப்பதையும் 'பிக் அப்' என்பார்கள். 'எ கேர்ள்' என்று மொட்டையாகச் சொன்னால் கேட்பவர் சிரித்துவிடுவார். 'மை நீஸ்', 'ஃப்ரம் தி ஏர்போர்ட்' என்று உறவையும் இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், வம்பு இல்லை.

இந்தச் சொல் பெயராகவும் வரும். டெக்ஸஸில் இருக்கும் அன்பர்கள் தினமும் காணும் 'பிக்கப் டிரக்', நகராட்சி குப்பை எடுக்கும் 'டிராஷ் பிக்கப்' எல்லாம் பெயர்ச்சொற்கள். காதால் வேறுபாடு காணலாம். வினையாக வரும்போது அழுத்தம் 'அப்' மேல் விழும். பெயராக வரும்போது 'பிக்' மேல் விழும்.

பத்தாவது பொருள்: ஒரு எச்சரிக்கை

எங்கள் நண்பர் ஒருவரின் தாயார் ஊரிலிருந்து வந்திருந்தபோது உடல்நலப் பரிசோதனைக்குச் சென்றார். மகள் வண்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள் நர்ஸ் வந்து, 'தி ஸ்கேன் பிக்ட் அப் எ ஸ்மால் ஸ்பாட்' என்று சொல்லி, அடுத்த வாரம் மறுபடி வரச் சொன்னார். அம்மாவுக்கு ஆங்கிலம் ஓரளவு தெரியும். 'பிக் அப்' என்றால் எடுத்தல். ஆகவே, சிறு புள்ளி ஒன்று இருந்தது, மெஷின் அதை எடுத்துவிட்டது என்று புரிந்துகொண்டார். மகளிடம், "ஒண்ணுமில்லைடி, ஏதோ சின்னதா இருந்ததாம், எடுத்துட்டாளாம்" என்று சந்தோஷமாகச் சொன்னார். மறுபடி வரச் சொன்னதைச் சொல்லவே இல்லை. முடிந்துபோன காரியத்துக்கு எதற்கு இன்னொரு நாள் மகள் லீவு போட வேண்டும் என்ற எண்ணம். இரண்டு நாள் கழித்து மருத்துவமனையிலிருந்து வந்த போனில்தான் விஷயம் தெரிந்தது. நல்லவேளையாகப் பயப்படும்படி ஒன்றுமில்லை.

'ஸ்கேன் பிக்ட் அப்' என்றால் ஸ்கேன் கண்டுபிடித்தது, படத்தில் தெரிந்தது என்று பொருள். எடுத்து நீக்கியது என்பதல்ல. நீக்குவதற்கு 'டேக் அவுட்' அல்லது 'ரிமூவ்' என்பார்கள். ரேடியோ ஒரு ஸ்டேஷனைப் 'பிக் அப்' செய்வதும், மைக் இருமலைப் 'பிக் அப்' செய்வதும் இதே பொருளில்தான். டாக்டர் அறையில் இந்தச் சொல் வந்தால் கூச்சப்படாமல் 'யூ ஃபவுண்ட் இட், ஆர் யூ ரிமூவ்ட் இட்?' என்று கேட்டுவிடுங்கள். ஆசிரியராக இருந்தவரும் கேட்கலாம், அதிகாரியாக இருந்தவரும் கேட்கலாம். கேட்பதில் குறைவில்லை.

மூன்று வழிகாட்டிகள்

பன்னிரண்டு பொருளையும் உருப்போட வேண்டுமா? வேண்டாம். மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும்.

முதலாவது, எதை என்று பாருங்கள். அப்பா கேட்ட கேள்விதான் சரியான திறவுகோல். மனிதரை என்றால் அழைத்து வருதல். சாமானை என்றால் வாங்கி வருதல். மொழியை என்றால் கற்றல். நோயை என்றால் தொற்றுதல். பில்லை என்றால் கட்டுதல். 'எதை' என்பதே இல்லாமல் காற்று, வியாபாரம், வேகம் என்று வந்தால் கூடுதல் அல்லது சீராதல். போன் மணி அடித்த இடம் என்றால் போனை எடுத்தல்.

இரண்டாவது, உள்ளே இருக்கும் சித்திரம். எங்கோ கிடப்பது நம் பக்கம் வந்து சேர்கிறது. பொம்மை கைக்கு வருகிறது. குழந்தை வண்டிக்குள் வருகிறது. மொழி நாவுக்கு வருகிறது. ஜுரம் உடம்புக்கு வருகிறது. புள்ளி படத்துக்குள் வருகிறது. பெரும்பாலான பொருள்கள் இந்தச் சித்திரத்துக்குள் அடங்கும்.

மூன்றாவது, பேசும்போது கவனிக்க வேண்டியது. 'ஹிம்', 'ஹெர்', 'இட்' போன்ற சொற்கள் நடுவில்தான் வரும். 'பிக் ஹிம் அப்' என்பது சரி, 'பிக் அப் ஹிம்' என்பது தவறு. பெயரைச் சொன்னால் இரண்டு விதமும் சரி: 'பிக் அப் ரவி', 'பிக் ரவி அப்'.

இப்போது பேரப்பிள்ளைகளின் பாடம்: 'எடு'

தாத்தா 'பிக் அப்' நோட்டு எழுதிக்கொண்டிருந்த நாளில், ஒரு சனிக்கிழமை அவர் சமையலறைக்கு வந்து, "பசி எடுக்கிறதே, என்ன இருக்கு?" என்றார். ஆறு வயதுப் பேரன் கேட்டான்: "தாத்தா, பசி எங்கேருந்து எடுக்குது? என்ன எடுக்குது?" தாத்தா முதலில் சிரித்தார். பிறகு, "கண்ணா, நான் ஐஸில் போய் விழுந்தேனே, அந்தக் கேள்விதான் இதுவும்" என்றார். அன்றே நோட்டைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து 'எடு' என்று தலைப்புப் போட்டார்.

பிள்ளைகளே, 'எடு' என்றால் கையில் எடுப்பது என்று மட்டும் நீங்கள் நினைத்திருப்பீர்கள். இதோ பாருங்கள்:

பசி எடுக்கிறது, தாகம் எடுக்கிறது, வலி எடுக்கிறது என்றால் உடம்பில் அவை உண்டாகின்றன. வாந்தி எடுத்தான் என்றால் வயிற்றில் இருந்தது வெளியே வந்தது.

"தீபாவளிக்குத் துணி எடுத்தாச்சா?" என்று பாட்டி கேட்டால், பீரோவிலிருந்து எடுப்பதல்ல. கடையில் வாங்கியாகிவிட்டதா என்று கேட்கிறார். மேலே பார்த்த 'பிக் அப் ஸம் மில்க்' போலவேதான்.

"அந்தக் குடும்பத்தில் பெண் எடுத்தோம்" என்றால் அந்த வீட்டுப் பெண்ணை நம் வீட்டுக்கு மருமகளாக அழைத்து வந்தோம். குழந்தையைத் தத்து எடுப்பதும் உண்டு.

மார்க் எடுக்கலாம், லீவு எடுக்கலாம், வகுப்பு எடுக்கலாம். வகுப்பு எடுப்பவர் ஆசிரியர், மாணவர் அல்ல. 'டேக் எ கிளாஸ்' என்றால் ஆங்கிலத்தில் படிப்பது. 'வகுப்பு எடு' என்றால் தமிழில் பாடம் சொல்லிக் கொடுப்பது. நேர் எதிர்! இதை அப்படியே மொழிபெயர்த்தால் தாத்தா குழம்பிவிடுவார்.

நீங்கள் செல்போனில் படம் எடுக்கிறீர்கள். பாம்பும் படம் எடுக்கும். பாம்பிடம் ஏது போன்? பாம்பு தலைப்பக்கத்தை விரித்து நிமிர்வதற்குப் படம் எடுத்தல் என்று பெயர்.

கோயிலுக்கு வாருங்கள். தைப்பூசத்தில் காவடி எடுக்கிறார்கள், பால்குடம் எடுக்கிறார்கள். தோளிலும் தலையிலும் சுமந்து வந்து வேண்டுதலை நிறைவேற்றுகிறார்கள். ஆரத்தி எடுக்கிறோம், அதாவது தட்டை வட்டமாகச் சுற்றுகிறோம். திருமால் பத்து அவதாரம் எடுத்தார், அதாவது அந்த வடிவம் கொண்டார்.

இன்னும் பழைய பொருள் ஒன்று உண்டு: கட்டுதல். முதலாம் இராஜராஜ சோழன் கட்டி, 1010-இல் நிறைவு பெற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில், அரசன் அந்தக் கோயிலைத் தான் 'எடுப்பிச்ச'தாகச் சொல்கிறான். மேலே மேலே உயர்த்தச் செய்தான் என்பது கருத்து. அந்தக் கோயில் இருக்கும் ஊர்க்காரர் ஆதலால், நோட்டில் இந்த வரிக்குக் கீழே மட்டும் அப்பா இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

கடைசியாக ஒன்று. தமிழிலும் "போனை எடு" என்றுதான் சொல்கிறோம். அன்று நான் "பிக் அப்" என்று சொல்லாமல் "போனை எடுங்கப்பா" என்று தமிழில் சொல்லியிருந்தால், அப்பா ஐஸில் விழுந்திருக்க மாட்டார்!

தமிழிலும் வால் உண்டு

ஆங்கிலத்தில் 'அப்', 'ஆஃப்' என்று வால் ஒட்டுவது போல் தமிழிலும் வினைக்குப் பின்னால் சிறு வினை ஒட்டும். இதைத் துணைவினை என்பார்கள். அது தனியே நின்றால் ஒரு பொருள், ஒட்டினால் வேறு பொருள்.

எடுத்துக்கொள்: உனக்காக எடு. விருந்தாளியிடம் "எடுத்துக்கோங்க" என்பது உபசாரம்.

எடுத்துவிடு: நீக்கிவிடு, முடித்துவிடு. 'விடு' என்றால் கைவிடு என்று பிள்ளைகள் எண்ணுவார்கள். "சாப்பிட்டுவிடு" என்றால் சாப்பாட்டை விட்டுவிடச் சொல்லவில்லை, முழுவதும் சாப்பிட்டு முடிக்கச் சொல்கிறார் அம்மா.

எடுத்துவை: பத்திரமாக வை, அல்லது ஊருக்குப் போகும்முன் பெட்டியில் அடுக்கு.

எடுத்துச்சொல்: புரியும்படி விளக்கு.

அடியெடுத்துக் கொடு: பாட்டின் முதல் சொல்லைச் சொல்லித் தொடங்கி வை. சேக்கிழார் பெரிய புராணம் பாடத் தொடங்கியபோது தில்லைக் கூத்தன் அடியெடுத்துக் கொடுத்தான் என்பது மரபு.

எடுத்துப்போட்டுக்கொண்டு செய்: யாரும் சொல்லாமலே வேலையைத் தன் பொறுப்பாக ஏற்றுச் செய். நம் கோயிலில் திருவிழாவுக்கு முந்திய நாள் காய்கறி நறுக்குபவர்களைப் பற்றி இப்படித்தான் சொல்கிறோம்.

ஒரு சொல் பல பொருள் தருவதும், பல சொல் ஒரே பொருள் தருவதும் தமிழிலக்கணத்துக்குப் பழக்கமானவை. தொல்காப்பியத்தில் உரியியல் என்னும் இயல் இதைப் பேசுகிறது. 1992-இல் முதல் பதிப்பு வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, துணைவினைகளைத் தனியே பிரித்துக் காட்டிப் பொருளும் உதாரண வாக்கியமும் தருகிறது. தமிழ் வகுப்பு எடுக்கும் தொண்டர்கள் கையில் இருக்க வேண்டிய நூல்.

வீட்டில் செய்ய வேண்டியது

ஒரு நோட்டு வாங்குங்கள். முன்பக்கம் தாத்தா பாட்டிக்கு, பின்பக்கம் பேரப்பிள்ளைகளுக்கு. தினமும் ஒரு வாக்கியம் போதும். பெரியவர் கேட்ட ஆங்கில வாக்கியத்துக்குப் பிள்ளை பொருள் சொல்லட்டும். பிள்ளை கேட்ட தமிழ் வாக்கியத்துக்குப் பெரியவர் பொருள் சொல்லட்டும். ஒருவர் குறை கண்டு மற்றவர் சிரிப்பதற்கு அங்கே இடமில்லை. இருவரும் ஆசிரியர், இருவரும் மாணவர்.

இதை ஏன் வற்புறுத்துகிறோம் என்றால், இந்த நாட்டில் வந்து தங்கும் பெரியவர்கள் பலர் மெள்ள மெள்ளப் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள். தவறாகப் புரிந்துகொண்டுவிடுவோமோ என்று போனை எடுப்பதில்லை, கடைக்குப் போவதில்லை, டாக்டரிடம் கேட்பதில்லை. பிள்ளைகளும் அப்படியே. தாத்தா சொன்ன தமிழ் பாதி புரியாவிட்டால் 'ஓகே' என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். இருவர் மௌனத்துக்கும் காரணம் ஒன்றேதான். அந்த ஒரே காரணத்தை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து தீர்த்துக்கொள்ளலாம்.

பயிற்சி

பெரியவர்களுக்கு. கீழே உள்ளவற்றின் பொருளைச் சொல்லுங்கள்:
1. 'மை கார் ஈஸ் இன் தி ஷாப், கேன் யூ பிக் மி அப்?'
2. 'தி கம்பெனி வில் பிக் அப் தி காஸ்ட்.'
3. 'ஐ பிக்ட் அப் எ கோல்ட் ஆன் தி ஃப்ளைட்.'
4. 'ஸேல்ஸ் பிக்ட் அப் இன் டிஸம்பர்.'

பிள்ளைகளுக்கு. கீழே உள்ளவற்றை ஆங்கிலத்தில் சொல்லுங்கள்:
5. அக்காவுக்குக் கல்யாணப் புடவை எடுத்தோம்.
6. பாடு, நான் அடியெடுத்துக் கொடுக்கிறேன்.
7. மாமா சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறார்.
8. மருந்தைக் குடித்துவிடு.

விடைகள்: 1. என் கார் பழுது பார்க்கும் இடத்தில் இருக்கிறது, என்னை வந்து அழைத்துப் போக முடியுமா? 2. செலவைக் கம்பெனி ஏற்கும். 3. விமானத்தில் வரும்போது ஜலதோஷம் பிடித்துக்கொண்டது. 4. டிசம்பரில் விற்பனை கூடியது. 5. 'வி பாட்' என்று தொடங்க வேண்டும், 'வி டுக்' அல்ல. 6. முதல் வார்த்தையை நான் சொல்லித் தொடங்கி வைக்கிறேன் என்ற பொருள் வர வேண்டும். 7. மாமா 'டீச்சஸ்', 'டேக்ஸ்' அல்ல. 8. குடித்து முடி என்பதே பொருள். 'லீவ்' என்ற சொல் வரவே கூடாது.

அடுத்த பாடத்தில் 'கோ ஆஃப்' என்ற கூட்டு வினையைப் பார்ப்போம். 'தி லைட்ஸ் வென்ட் ஆஃப்' என்றால் விளக்கு அணைந்தது. 'தி ஸ்மோக் அலாரம் வென்ட் ஆஃப்' என்றால் அலாரம் நின்றுவிட்டது என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள். அலாரம் அடித்தது என்று பொருள். வீட்டை விட்டு உடனே வெளியே வர வேண்டும். அது வரை இந்த இரண்டு வாக்கியங்களையும் நோட்டின் முன்பக்கத்தில் எழுதி வையுங்கள்.